நாடீன் துப்பாக்கி பழகிய கதை

1

இந்தக் கதை எனக்கு ராய்ஸ் லெட்பெட்டரின் துப்பாக்கிக் கடையில் கிடைத்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மீன்பிடி உரிமத்தைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் கண்ணாடிப் பெட்டியின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றிக்கொண்டு, முட்டை விலை கேட்கிற குரலில் கேட்டாள்:

"ஆளைக் கொல்லாம, ஆனா நிறுத்துற மாதிரி ஒண்ணு இருக்கா?"

ராய்ஸ் வாயாடி. எதைக் கேட்டாலும் பதிலுக்கு முன்னால் ஒரு கிண்டல் வரும். அன்று வரவில்லை.

"அப்படி ஒண்ணை யாரும் இன்னும் செய்யலை நாடீன். காலைப் பாத்துச் சுடுறது, தோளைப் பாத்துச் சுடுறதெல்லாம் சினிமாவுல. சுட்டா அந்த ஆள் செத்துடுவான்னு தெரிஞ்சுதான் கையில எடுக்கணும். அதுக்கு மனசு இல்லைன்னா வாங்காதீங்க. ஒரு நாய் வளருங்க, போதும்."

"நாய் இருக்கு. அதுக்கு அவனை ரொம்பப் பிடிக்கும்."

நான் உரிமத்தை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவளை எனக்கு முன்பே தெரியும். மிசூரியின் தெற்குக் குன்றுகளுக்கு நடுவே இருக்கிற எங்கள் பள்ளியில் நான் வேதியியல் சொல்லித்தருகிறேன். நாடீன் ஸ்ட்ரவுட் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். கதையாக எழுதட்டுமா என்று பல மாதம் கழித்துக் கேட்டபோது, எந்தப் பாஷையில் என்றாள். தமிழில் என்றேன்.

"அப்ப எழுது. இந்த ஊர்ல ஒருத்தனும் படிக்கப் போறதில்ல. பேரை மாத்திடு. என் எடையையும் கொஞ்சம் குறைச்சுப் போடு."

பெயரை மாற்றியிருக்கிறேன்.

2

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

"கதவு உடைபடும் சத்தம் கேட்டு நாடீன் திடுக்கிட்டு விழித்தபோது—"

(இது பொய். யாரும் விழிக்கவில்லை. நடந்தது பட்டப்பகலில்.)

"துப்பாக்கி என்பது ஒரு நாட்டின் பயத்துக்குக் கொடுக்கப்பட்ட—"

(இது கட்டுரை. நாடீன் கேட்டால் எழுந்து போய்விடுவாள்.)

"முகம் தெரியாத ஒருவன் அந்த வீட்டை நோட்டம் விட்டுக்கொண்டிருந்தான்."

இந்த மூன்றாவதோடு நான் நெடுநாள் மல்லுக்கட்டினேன். வருகிறவன் அந்நியனாக இருந்தால் கதை எழுதச் சுலபம். வாசகருக்கும் சுலபம். சுட்டாலும் நியாயம், சுடாவிட்டாலும் நியாயம். ஆனால் நாய்க்கு அவனைப் பிடிக்கும் என்று அவள் சொன்னதை நான் கேட்டுவிட்டேனே.

ஆகவே நேராகவே சொல்கிறேன். நாடீன் பயந்தது தன் மகன் டேட்டுக்கு.

டேட் கூரை வேய்கிற வேலை பார்த்தவன். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டது. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. மாத்திரை கிடைக்காதபோது அதைவிட மலிவான, அதைவிட மோசமான போதைப் பொடிக்குப் போனான். அப்பாவின் வேட்டைத் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்து விற்றான். கடைசியில் அலமாரியில் துணி விரித்த தட்டுகள் மட்டும் இருந்தன.

அப்பா கார்லண்ட், நாடீனின் கணவர், மர லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சில் எஞ்சியது 'ஆமா', 'வேண்டாம்', 'தண்ணி' போலச் சில சொற்கள்தான். அவருக்கும் வலி மாத்திரை உண்டு. பிப்ரவரியில் டேட் அதற்காக வந்தான். இழுப்பறையைத் திறந்தவனின் சட்டைக் கையை அப்பா தன் நல்ல கையால் பிடித்துக்கொண்டார். அவன் உதறினான். அவர் நாற்காலியோடு சாய்ந்தார். நல்ல கையின் மணிக்கட்டு முறிந்தது.

ஆம்புலன்சுக்குப் போன் செய்தது டேட்தான். செய்துவிட்டு ஓடிப்போனான்.

இரண்டு நாள் கழித்து அம்மாவைப் போனில் கூப்பிட்டு, "அடுத்த தடவை யாரும் குறுக்க வரக் கூடாது. சொல்லிட்டேன்" என்றான். வீட்டுப் பக்கம் வரக் கூடாது என்று நீதிமன்றம் அவனுக்கு உத்தரவு போட்டது. அந்த உத்தரவோடு வந்த ஷெரிஃப் ஆபீஸ்காரர் வாசலில் நின்று தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே சொன்னார்: "நாங்க வர்றதுக்கு அரைமணிக்குக் குறையாது நாடீன். அதுவரைக்கும் வீட்டுல ஏதாவது வச்சுக்கங்க."

படுத்த படுக்கையான மனிதரை அள்ளிக்கொண்டு ஓட முடியாது. அதனால்தான் அவள் ராய்ஸ் கடைக்குப் போனாள்.

3

ராய்ஸ் முதலில் பன்னிரண்டை எடுத்து நீட்டினான்.*

* துப்பாக்கிக்காரர்கள் குழலின் பருமனை எண்ணால் சொல்கிறார்கள். எண் குறைந்தால் குழல் பெரிது. பன்னிரண்டு பெரிது, இருபது சிறிது. இதற்கு மேல் வாசகருக்கு வேண்டாம்.

அவள் அதைத் தோளில் வைத்தாள். தோளில் அழுந்துகிற மரக்கட்டை நீளம். விரல் விசையை எட்டுவதற்குள் கழுத்து முன்னால் நீண்டது.

"கொக்கு மாதிரி நிக்கிறீங்க" என்றான் ராய்ஸ். "இது உதைச்சா தோள்பட்டை போயிடும். ஒரு தடவை வலிச்சா அடுத்த தடவை கண்ணை மூடிக்குவீங்க. கண்ணை மூடிக்கிட்டுச் சுடுறவங்களால நல்லவங்களுக்குத்தான் ஆபத்து."

இருபதை எடுத்தான். கட்டையைக் குட்டையாக்கியது. அதன் அடிப்பகுதியை அவள் முழங்கை மடிப்பில் வைத்து, விரல் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தான். தையல்காரன் அளவெடுப்பது போலிருந்தது. விரல் விசையில் சரியாக நின்றது. இரட்டைக் குழல் ஒன்றையும் காட்டினான். அதில் இரண்டு முறை சுட்டால் தீர்ந்தது. இதிலோ முன்பிடியை இழுத்துத் தள்ளத் தள்ள அடுத்த தோட்டா ஏறும்.

"சும்மா ஒரு தடவை இழுத்துத் தள்ளுற சத்தத்துக்கே ஓடிப்போயிடுவாங்கன்னு சொல்றாங்களே?"

"சொல்றவன் எவனும் அந்த இடத்துல நின்னதில்ல. ஓடுறவன் ஓடுவான். ஓடாதவனை என்ன செய்வீங்க? அதை யோசிங்க."

அவள் யோசித்தாள். கடை மூடுகிற நேரம்வரை அந்தக் கண்ணாடிப் பெட்டி அருகே நின்று யோசித்தாள் என்று பிற்பாடு ராய்ஸ் என்னிடம் சொன்னான். பிறகு இருபதை வாங்கிக்கொண்டு போனாள்.

வீட்டில் கார்லண்ட் அதைப் பார்த்தார். ஆயுள் முழுக்கத் துப்பாக்கி வைத்திருந்த மனிதர். யாருக்காக என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வேண்டாம்" என்றார்.

"நீ எந்திரிச்சு நடந்தா எனக்கு இது எதுக்கு?" என்றாள் நாடீன்.

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று அவள் ஊட்டியதை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. (அவர் எழுந்து நடப்பதைப் பற்றி அவள் சொன்ன வரியை எடுத்துவிடட்டுமா என்று அவளிடம் கேட்டேன். இருக்கட்டும் என்றாள். "அதைச் சொன்னது நான்தானே.")

4

பழகியது ஃபே டன்னலின் வைக்கோல் வயலில். ஃபேயும் பேருந்து ஓட்டுகிறவள்தான். வான்கோழி வளர்க்கிறாள். சிறு வயதிலிருந்து வேட்டைக்குப் போகிறவள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

ஃபே முதல் நாளே வைக்கோல் கட்டுகிற கயிற்றை எடுத்து வயலில் நாடீனின் வீட்டை வரைந்தாள். இது படுக்கையறை, இது வீட்டுக்கு நடுவே போகிற நடை, அந்தக் கோடியில் சமையலறைக் கதவு. கார்லண்டின் கட்டிலுக்கு ஒரு வைக்கோல் கட்டு.

"உன் வீட்டுக்குள்ள ஆகக் கூடுன தூரம் இந்த நடைதான். அதுக்கு மேல நீ எதையும் சுட வேண்டியதில்ல. ஒரு தோட்டாவுக்குள்ள நிறைய சின்னக் குண்டு இருக்கு. இந்தத் தூரத்துல அது எவ்வளவு விரியுதுன்னு பாரு" என்று ஒரு காகிதத் தட்டைக் குத்திவைத்துச் சுட்டாள். தட்டில் ஒரு கைமுட்டி அளவுக்கு ஓட்டை விழுந்தது.

"அவ்வளவுதானா? மழை மாதிரிப் பொழியும்னு நினைச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. குறி வச்சாத்தான் படும். தப்புனா சுவரைத் தாண்டி வெளிய போகும். சமையலறைக்கு அந்தப் பக்கம் என்ன நிக்குது?"

"என் பஸ்."

"அப்ப கவர்மெண்டு பஸ்ஸைச் சுட்டுக்கிட்டு நிக்காத."

முதல் உதையில் நாடீனின் கண்ணில் நீர் வந்தது. சில வாரத்தில் பழகிவிட்டது. தட்டுகளின் நடுவில் ஓட்டை போட்டாள். இழுத்துத் தள்ளுவது கை தானாகச் செய்கிற வேலையாயிற்று. அப்போது ஃபே தட்டுகளை எடுத்துவிட்டு, மரச்சட்டத்தில் ஓர் ஆண் சட்டையை மாட்டி வைத்தாள்.

நாடீன் சுட்டாள். சட்டை அசையவில்லை. மறுபடி சுட்டாள். தூரத்து வேலிக்கம்பம் சில்லாகத் தெறித்தது.

"ஏண்டி, தட்டுன்னா நடுவுல அடிக்கிற. சட்டைன்னா என் வேலிக்குப் போகுது."

"காத்து."

"காத்தாம். ஒரு புல்லு ஆடலை." ஃபே காதுமூடியைக் கழற்றினாள். "யாரை நினைச்சுக்கிட்டுச் சுடுற?"

"யாரையும் இல்ல."

"அதாண்டி தப்பு. இங்க நினைக்காம இருந்துட்டு அங்க அவன் முகத்தைப் பாத்தா உன் கை நின்னுடும். நின்னா அவன் பிடுங்குவான். பிடுங்குனா கார்லண்ட் கதி என்ன? உன்னால முடியாதுன்னா இப்பவே சொல்லு. இதை ராய்ஸ்கிட்டத் திருப்பிக் குடுத்துட்டு, நீங்க ரெண்டு பேரும் என் வீட்டுக்கு வந்துடுங்க. நான் ஒண்ணும் கேவலமா நினைக்க மாட்டேன்."

நாடீன் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்தாள்.

"அது யாரு சட்டை?"

"என் வீட்டுக்காரனோடது. இன்னொருத்தியோட போனப்ப விட்டுட்டுப் போனான். அதைச் சுடுறதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்றதும் நாடீன் துப்பாக்கியைக் காலி செய்து உறையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் ஒரு சட்டை கொண்டுவந்தாள். டேட்டின் வேலைச் சட்டை. முழங்கையில் தார்க்கறை. அவளே சட்டத்தில் மாட்டி மேல் பொத்தானைப் போட்டாள். நடையின் இந்தக் கோடிக்கு வந்து நின்று சுட்டாள்.

சட்டைப்பைக்கு மேல் கைமுட்டி அளவுக்கு ஓட்டை.

நாடீன் சட்டையைக் கழற்றி மடித்து தன் வண்டியின் முன்சீட்டில் வைத்துக்கொண்டு போனாள்.

(கயிற்றால் வரைந்த வீடு என் கற்பனை என்று ஒரு வாசக நண்பர் சந்தேகப்பட்டார். சட்டைதான் என் கற்பனை என்று இன்னொருவர். நான் எதையும் சொல்லப் போவதில்லை. எதை நீங்கள் நம்ப மறுக்கிறீர்களோ அதை அவள் செய்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

5

டேட்டைப் பற்றி எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. முதல் வரைவில் அவனுக்குக் கறுத்துப்போன பற்களையும் குழி விழுந்த கண்களையும் கொடுத்திருந்தேன். ஆசிரியர்கள் அறைக்குக் காப்பிக்கு வந்த நாடீனிடம் வாய்வழியாகச் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவன் பல்லைப் பத்தி எழுதாத. நான் கூட்டிக்கிட்டுப் போய்க் கம்பி போட்ட பல்லு. இன்னும் நல்லாத்தான் இருக்கு."

"சரி, வேற எப்படிச் சொல்றது?"

"நல்லா சிரிப்பான்னு எழுது. அதனாலதான் ஏமாந்தோம்."

நல்லா சிரிப்பான்.

ஆனால் அவனுக்கு என்ன பயம், எதைத் தேடி அலைந்தான், அப்பாவின் மணிக்கட்டு முறிந்த சத்தத்தை அவன் எங்கே கொண்டுபோய் வைத்தான் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அவன் மனத்துக்குள் புகுந்து எழுதிய இரண்டு பக்கங்களைக் கிழித்துப் போட்டேன். நான் அவன் அம்மா பக்கத்தில்தான் நிற்க முடியும். நடையின் இந்தக் கோடியில்.

6

சுடுவதைவிடப் பேசுவதற்குத்தான் ஃபே அதிகம் பாடுபட்டாள். சுடுவதற்கு முன்னால் சொல்ல வேண்டியதை வாய்விட்டுச் சொல்லிப் பழகாவிட்டால் அந்த நேரத்தில் வார்த்தை வராது என்றாள். 'கையில் துப்பாக்கி இருக்கிறது, போலீஸ் வருகிறது, வெளியே போ.' நாடீனின் குரல் கயிற்று வீட்டின் பாதி தூரம்கூடப் போகவில்லை.

"பஸ்ல பிள்ளைங்களை அதட்டுற மாதிரி சொல்லுடி."

"பஸ்ல நான் அதட்டுறதில்ல. கண்ணாடியில பாத்துப் பேரைச் சொல்லுவேன். அடங்கிடுவாங்க."

"அப்ப பேரைச் சொல்லு."

மே மாதத்தில் ஒரு மதியம். காலை ஓட்டத்தை முடித்துவிட்டு வந்து நாடீன் கார்லண்டுக்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்தாள். சமையலறைப் பக்கம் மரம் பிளக்கிற சத்தம் கேட்டது. பிறகு நாயின் வால் அலமாரியில் டப் டப்பென்று அடிக்கிற சத்தம். குரைப்பு இல்லை. யாரென்று தெரிந்துவிட்டது.

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். போனில் அவசர எண்ணை அழுத்தி, முகவரியைச் சொல்லி, அப்படியே கட்டிலில் போட்டாள். கதவுக்குப் பின்னாலிருந்து துப்பாக்கியை எடுத்தாள். படுக்கையறை வாசற்படியில் நின்று தோளில் வைத்தாள்.

டேட் நடைக்குள் வந்தான். கையில் கதவைப் பெயர்த்த கடப்பாரை. இளைத்திருந்தான்.

"டேட், நில்லு. என் கையில துப்பாக்கி இருக்கு."

அந்தக் குரல் பேருந்தின் கடைசி இருக்கைவரை போகிற குரல். அவன் நின்றான். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. துப்பாக்கியைத்தான் பார்த்தான். துப்பாக்கிகளுக்கு நடுவே வளர்ந்தவன். பார்த்துவிட்டுச் சொன்னான்:

"லாக் எடுக்கலம்மா."

விசைக்குப் பின்னால் ஒரு சிறிய பொத்தான் உண்டு. அதைத் தள்ளினால்தான் விசை அசையும். தள்ளும்போது 'டிக்' என்று கேட்கும். வயலில் அவள் ஒருநாளும் மறந்ததில்லை. அந்த நடையில் மறந்திருந்தாள். அந்தச் சத்தம் வரவில்லை என்பது அவன் காதுக்குத் தெரிந்திருந்தது.

நாடீன் அவனிடமிருந்து கண்ணை எடுக்காமல் பொத்தானைத் தள்ளினாள்.

டிக்.

அவன் கடப்பாரையை விடவும் இல்லை, ஓங்கவும் இல்லை. கட்டிலில் கிடந்த போனில் ஒரு பெண் "லைன்ல இருக்கீங்களா, லைன்ல இருக்கீங்களா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது கார்லண்ட் சொன்னார்:

"உக்காரு."

பக்கவாதம் வந்த நாளிலிருந்து அந்தச் சொல் அவர் வாயில் வந்ததில்லை. யாரிடம் சொன்னார் என்பதும் தெரியாது. மகனிடமா, துப்பாக்கியோடு நின்றிருந்த மனைவியிடமா. டேட் சுவரோடு முதுகைச் சரித்துத் தரையில் உட்கார்ந்தான். நாய் வந்து அவன் முழங்காலில் தலையை வைத்தது.

நாடீன் உட்காரவில்லை. குழலைத் தாழ்த்தவும் இல்லை.

"அப்பா கை எப்படி இருக்கு?" என்றான் டேட், நாயைப் பார்த்துக்கொண்டு.

"கட்டுப் பிரிச்சாச்சு."

"தானா சாப்பிடுறாரா?"

"இல்ல. நான்தான் ஊட்டுறேன்."

"உப்புப் போடாத. டாக்டர் சொல்லியிருக்காரு."

"தெரியும்."

ஷெரிஃப் ஆட்கள் வரும்வரை அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அவனைக் கூட்டிக்கொண்டு போன பிறகு அவள் தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். ஆறிப்போன சூப்பைச் சூடு பண்ணினாள்.

7

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் 'லாக் எடுக்கலம்மா' என்கிற அந்த ஒரு வாக்கியம் என்னை விடவில்லை. அவன் ஏன் அதைச் சொன்னான்?

நான் யோசித்த விதங்கள்: இதைக்கூட உனக்கு ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லையே என்கிற ஏளனம். அல்லது அந்த வீட்டில் யார் துப்பாக்கியைத் தவறாகப் பிடித்தாலும் உடனே சொல்லிவிட வேண்டும் என்று சின்ன வயதில் ஊறிப்போன பழக்கம். அல்லது அவள் சுட வேண்டும் என்றே அவன்— (இதை நான் எழுதி முடிக்க மாட்டேன்.)

நாடீனையே கேட்டேன். மாலை ஓட்டம் முடிந்து பேருந்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"அவன்கிட்டயே கேட்டேன். போன மாசம் ஜெயில்ல, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தான். 'நான் அப்படிச் சொல்லவே இல்லையேம்மா'ங்கிறான்."

"சொன்னானா இல்லையா?"

"எனக்குக் கேட்டுச்சு. அதனாலதான் தள்ளுனேன்."

அதற்குமேல் கேட்டிருக்கக் கூடாது. எழுதுகிறவனின் பேராசை. என் கடைசி வரி எப்படி ஆரம்பிக்கிறது என்று அவளிடம் சொன்னேன்: அவன் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்திருந்தால், நாடீன்

அவள் துடைப்பத்தை நிறுத்தினாள்.

"அதை முடிக்காத."

"ஏன்?"

"முடிவு எனக்குத் தெரியும். அந்தப் பொத்தானைத் தள்ளுனப்பவே தெரிஞ்சுபோச்சு. அதை வச்சுக்கிட்டுத்தான் பஸ் ஓட்டுறேன், அவருக்கு ஊட்டுறேன். இலையுதிர் காலத்துல டேட் வெளிய வர்றான். வீட்டுக்கு வரலாமான்னு கேட்டிருக்கான். நான் இன்னும் பதில் சொல்லலை. அதுக்குள்ள நீ எழுதி வச்சுடாத."

சரி என்றேன்.

ஆகவே அந்த வாக்கியம் இப்படியே நிற்கிறது:

அவன் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்திருந்தால், நாடீன் [                    ]

அடைப்புக்குறிக்குள் இடம் விட்டிருக்கிறேன். எழுத நினைக்கிறவர்கள் எழுதிக்கொள்ளலாம். எழுதியதை என்னிடம் மட்டும் காட்ட வேண்டாம். திங்கட்கிழமை காலை நான் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.